வங்கி இருப்பது தரைத்தளத்தில் மட்டுமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கலிஃபோர்னியக் கடற்கரைப் பயணக் கட்டுரையைப் படித்தேன். மெண்டசீனோ என்ற சிற்றூரின் பெயரைத் தமிழில் அச்சில் பார்ப்பது எனக்கு இதுவே முதல் முறை என்பதால் மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் ஊரின் நடுவே நிற்கும் வெள்ளை நிற மரக் கட்டடத்தின் படத்துக்குக் கீழே, ‘பழைய வங்கிக் கட்டடமும் அதன் உச்சியில் செம்மரத்தால் செதுக்கிய தேவதைச் சிலையும்’ என்று அச்சாகியிருந்ததைக் கண்டு வருந்தினேன். அது வங்கிக்காகக் கட்டப்பட்ட கட்டடம் அன்று, ஃபிரீமேசன் என்ற சகோதர சங்கத்தின் மண்டபம்; சிலை செதுக்கப்பட்ட மரம் நாம் செம்மரம் என்று அழைக்கும் மரமும் அன்று, உச்சியில் நிற்பவர் தேவதையும் அல்லர். பயண எழுத்தில் இத்தகைய பிழைகள் நேர்வது இயல்பே என்றாலும், இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து, அந்தக் கட்டடம் எதற்காகப் போற்றப்பட வேண்டுமோ அந்தக் காரணத்தையே மறைத்துவிடுகின்றன. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

தச்சர் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் மரத்திலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் செம்மரம் என்றால் அது சேஷாசலம் மலைக்காடுகளில் விளையும் செஞ்சந்தன மரம். வைரம் பாய்ந்த கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமானது. மெண்டசீனோவில் உள்ள சிலையோ ரெட்வுட் என்னும் ஊசியிலை மரத்தில் செதுக்கப்பட்டது. பசிபிக் கடலின் மூடுபனி எட்டும் தொலைவுக்குள் மட்டுமே வளரும் இந்த மரம் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கக்கூடியது. மென்மையான மரம் என்பதால் உளிக்கு எளிதில் இணங்கும். ஆயினும் அதன் சிவந்த வைரப்பகுதி இலேசில் உளுத்துப்போகாது, கரையான் எளிதில் அண்டாது, பிசின் இல்லாததால் சட்டென்று தீப்பற்றவும் செய்யாது. உப்புக்காற்றும் பனியும் ஓயாத ஒரு கடற்கரையில், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு மரச்சிலை வெட்டவெளியில் நிற்க முடிந்திருக்கிறது என்றால், செதுக்கியவரின் திறமைக்கும் பின்னர் வந்தவர்கள் பூசிய வண்ணத்துக்கும் சமமாக அந்த மரத்தின் குணத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த ஊர் பிறந்ததே இந்த மரத்தால்தான். 1850ஆம் ஆண்டு ஜூலையில் ‘ஃப்ராலிக்’ என்ற கப்பல் சீனச் சரக்குகளுடன் சான் ஃபிரான்சிஸ்கோ நோக்கி வரும் வழியில் இந்தக் கரைக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றிச் சென்ற கப்பல் அது என்பது நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். உடைந்த கப்பலின் சரக்கை மீட்க வந்தவர்கள் சரக்கைவிடப் பெரிய செல்வத்தைக் கண்டார்கள். வானளாவிய ரெட்வுட் காடு அவர்கள் கண்முன் நின்றது. 1852இல் பிக் ரிவர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மரம் அறுக்கும் ஆலை வந்தது. நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து வந்த அமெரிக்கர்களும், அசோர் தீவுகளின் போர்த்துகீசியரும், வட ஐரோப்பியரும், சீனரும் பிழைப்புத் தேடி அங்கே குடியேறினார்கள். அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்துவந்த போமோ மக்கள் ஒதுக்கப்பட்டார்கள்.

அந்தக் கட்டடம் ஒரு ‘லாட்ஜ்’. இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நம் ஊரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தங்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே அந்தச் சொல் ஃபிரீமேசன் போன்ற சகோதர சங்கங்களின் கிளையைக் குறிக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்களைக் கட்டிய கொத்தர்கள் வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு கொட்டகை போட்டுக் கருவிகளை வைத்து, உண்டு இளைப்பாறிய இடமே முதலில் லாட்ஜ் எனப்பட்டது. பின்னர் கட்டடத் தொழிலோடு தொடர்பில்லாதவர்களும் அந்தப் பெயரையும் கருவிகளையும் சின்னங்களாக ஏற்றுக்கொண்டு சங்கம் அமைத்தார்கள். 1717இல் லண்டனில் இவற்றுக்குத் தலைமைச் சங்கம் ஏற்பட்டது. இன்றும் அமெரிக்கச் சிற்றூர்களின் கல்லறைத் தோட்டங்களில் நடந்தால், மூலைமட்டமும் கவராயமும் ஒன்றோடொன்று பின்னியதாகச் செதுக்கிய கற்களைக் காணலாம். என் தந்தையின் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிய இரண்டு கருவிகளை முன்பின் அறியாத ஒருவரின் கல்லறையில் முதன்முதலாகக் கண்டபோது நான் நீண்ட நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மரம் அறுக்கும் ஊர் ஒன்றுக்கு இத்தகைய சங்கம் ஏன் தேவைப்பட்டது என்பதை உணர்ந்தால்தான் கட்டடத்தின் மதிப்பு விளங்கும். காட்டில் மரம் வெட்டுவது, ஆற்றில் அடிமரங்களை மிதக்கவிட்டு இறக்குவது, சுழலும் வாளுக்கு முன் நின்று பலகை அறுப்பது, அலை மோதும் பாறைக் கரையிலிருந்து கப்பலில் பலகை ஏற்றுவது என்று ஒவ்வொரு வேலையிலும் கையும் காலும் உயிரும் போகும் ஆபத்து இருந்தது. வேலையில் காயம்பட்டவருக்கு முதலாளி இழப்பீடு தந்தே தீர வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 1913இல்தான் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1935இல். அதுவரை, தாய் தந்தையரையும் உற்றாரையும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த ஒருவர் படுத்த படுக்கையானால் கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருந்தார்கள்? இறந்தால் சடலத்தை எடுத்து அடக்கம் செய்ய யார் வந்தார்கள்? அவருடைய மனைவி மக்களின் கதி என்ன? இந்தக் கேள்விகளுக்கு அந்த ஊர்களில் பெரும்பாலும் கிடைத்த விடை, மாடியில் இருந்த அந்தச் சங்க அறை.

இதே காலத்தில் அமெரிக்கா எங்கும் பரவிய ‘ஆட் ஃபெல்லோஸ்’ என்ற மற்றொரு சங்கத்தை 1819இல் பால்டிமோர் நகரில் தொடங்கிவைத்த தாமஸ் வைல்டி என்பவர் ஒரு கொல்லர். நோயுற்றவரைச் சென்று பார்ப்பது, துன்பப்பட்டவருக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அநாதைக் குழந்தையைப் படிக்க வைப்பது ஆகிய நான்கும் அந்தச் சங்கத்தின் கட்டளைகள். உறுப்பினர் நோயில் படுத்தால் வாரந்தோறும் குறிப்பிட்ட தொகை தந்தார்கள். முறைபோட்டுக்கொண்டு இரவெல்லாம் கண்விழித்து அருகில் இருந்தார்கள். ஃபிரீமேசன் சங்கத்தில் இப்படித் திட்டமிட்ட வாரத்தொகை வழக்கமில்லை. தேவையறிந்து உதவுவதே அவர்கள் முறை. இறுதிச் சடங்கை மட்டும் இரு சங்கத்தாரும் முன்னின்று நடத்தினார்கள். ஒரு ஃபிரீமேசன் இறந்தால், அவருடைய சங்கத்தார் குழியைச் சுற்றி நின்று, பசுமை மாறாத அக்கேசியா மரத்தின் சிறு கிளையை ஆளுக்கொன்றாகக் குழிக்குள் இடுவார்கள். அக்கேசியா நம் ஊர்க் கருவேலமரத்தின் உறவு. உயிர் அழிவதில்லை என்பதற்கு அது அடையாளம். கருவேலங்கிளை நினைவில் இருக்கட்டும், ஏனெனில் தங்கள் கட்டுரை தேவதை என்று குறிப்பிட்ட சிலையில் அது இருக்கிறது.

மெண்டசீனோவின் ஃபிரீமேசன் மண்டபத்தை டென்மார்க்கில் பிறந்த எரிக் ஆல்பர்ட்சன் என்ற தச்சர் கட்டினார். அவரே 179ஆம் எண் கொண்ட அந்தச் சங்கக் கிளையின் முதல் தலைவரும் ஆவார். 1860களின் நடுவில் தொடங்கிய கட்டுமானம் 1870களின் தொடக்கம் வரை நீண்டது. கூரையின் மேலுள்ள சிறு கோபுரத்தின் உச்சியில் நிற்கும் சிற்பத்தை ஒரே அடிமரத்தில் செதுக்கியவரும் அவரே. ‘காலமும் கன்னியும்’ என்பது அதன் பெயர்.

மூன்று முறை நான் அந்தத் தெருவில் நின்று அந்தச் சிற்பத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு முறையும் பனிமூட்டத்தில் வெள்ளையின் மேல் வெள்ளையாக மங்கலாகவே தெரிந்தது. மூன்றாம் முறை வெயில் சாய்வாக விழுந்த பின்னேரத்தில், நண்பர் ஒருவரின் தொலைநோக்கி வழியாகப் பார்த்தேன். முறிந்த தூண் ஒன்றின் முன்னே இளம்பெண் ஒருத்தி தலை குனிந்து நிற்கிறாள். அவள் கையில் கருவேல இனத்தின் கிளை. அவளுக்குப் பின்னால், சிறகு விரித்த முதியவர் ஒருவர் அவளுடைய கூந்தலைக் கையில் எடுத்து வைத்திருக்கிறார். அரிவாளும் மணற்கடிகையும் அவருக்கு உரியவை. சிறகு இருப்பதால் தேவதை என்று எண்ணத் தோன்றுவது இயற்கைதான். ஆனால் அவர் காலம்.

தமிழில் காலன் என்றால் உயிரைக் கவர வருபவன். பாசக்கயிறும் எருமையும் கூடவே வந்துவிடும். இந்தச் சங்கத்தாரின் சின்னத்திலும் காலத்தின் கையில் அறுவடைக்கு அரிவாள் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அந்தச் சிற்பத்தில் காலம் செய்கிற வேலை வேறு: அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் தலைமுடியில் பொறுமையாகச் சிக்கெடுக்கிறது. முறிந்த தூண், பணி முடிவதற்குள் இறந்துபோன தலைமைக் கொத்தரைக் குறிக்கும் என்றும், பெண் கட்டி முடிக்கப்படாத ஆலயத்தைக் குறிப்பாள் என்றும், பொறுமையும் விடாமுயற்சியும் இருந்தால் காலம் எந்தச் சிக்கையும் அவிழ்க்கும் என்பதே அதன் பொருள் என்றும் சங்க மரபு விளக்கம் சொல்கிறது. மாலை வேளையில் திண்ணையில் உட்கார்ந்து மகளுக்குச் சிக்கெடுத்துத் தலைவாரிவிடும் தாயைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்தக் கைகளின் அசைவு எந்த விளக்கமும் இல்லாமலேயே புரியும். மரம் விழுந்தும் கப்பல் உடைந்தும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த ஓர் ஊரில், ஒரு தச்சர் தன் ஊரின் மிக உயர்ந்த இடத்தில் இதைத்தான் வைக்க விரும்பினார். தேவதை என்று சொல்லிவிட்டால் இவ்வளவும் போய்விடுகிறது.

அடுத்து, கட்டடத்தின் அமைப்பு. கீழே வாடகைக்கு விடுவதற்கான இடம், மேலே சங்க அறை என்பது அமெரிக்கச் சிற்றூர் லாட்ஜ்கள் பலவற்றின் பொதுவான இலக்கணம். கீழ்த்தள வாடகை மேல்தளத்தின் செலவைத் தாங்கியது. கூரைக்கு வண்ணம் பூசியது. மெண்டசீனோவில் இன்று கீழே வங்கிக் கிளை இருக்கிறது, மேலே சங்கம் இருக்கிறது. கட்டுரையாளர் கீழ்த்தளத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து முழுக் கட்டடத்துக்கும் பெயர் சூட்டிவிட்டார். நான் மாடிக்குள் போனதில்லை. ஆயினும் ஃபிரீமேசன் அறைகள் எங்கும் ஒரே மரபில் அமைபவை. தலைவரின் இருக்கை கிழக்கில் இருக்கும். துணைத் தலைவர்கள் மேற்கிலும் தெற்கிலும் அமர்வார்கள். நடுவே பீடத்தின் மேல் மறைநூல் திறந்திருக்கும். வாயிலில் காவலர் ஒருவர் நிற்பார். ஞாயிறு உதித்து, உச்சிக்கு ஏறி, மறையும் பாதையைப் பின்பற்றியே இருக்கைகள் போடப்படுகின்றன. திசை பார்த்து மனை வகுக்கும் மரபில் வந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அறையின் நீள அகலமும், கதவும், இருக்கைகளும் சேர்ந்துதான் அந்தக் கட்டடம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வெளிச்சுவர் அதைப் போர்த்தியிருக்கும் போர்வை.

ரகசிய சங்கம் ஒன்றின் கூடத்தை ஏன் இவ்வளவு பாராட்ட வேண்டும் என்று வாசகர் சிலர் கேட்கலாம். அவர்களுடைய சடங்குகளில் எனக்கு ஈடுபாடு இல்லை. நான் உறுப்பினனும் அல்லன். அதைவிடக் கனமான ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலச் சகோதர சங்கங்கள் பேசிய சகோதரத்துவம் பெரும்பாலும் வெள்ளை ஆண்களோடு நின்றுவிட்டது. 1775இல் பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவர் தம் தோழர்களுடன் ஃபிரீமேசன் ஆனபோதும், அமெரிக்கச் சங்கங்கள் அவர்களைத் தமக்குச் சமமாக ஏற்கவில்லை. அவர்கள் தனி மரபு ஒன்றை வளர்க்க வேண்டியதாயிற்று. மெண்டசீனோவிலேயே மண்டபத்திலிருந்து சில நிமிட நடைதூரத்தில், சீனத் தொழிலாளர்கள் வழிபட்ட குவான் தை கோயில் இருக்கிறது. சிவப்பு வண்ணம் பூசிய அந்தச் சின்னஞ்சிறு மரக் கட்டடத்தையும் ரெட்வுட் மண்டபத்தையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு அந்த ஊரில் யார் எங்கே கூட முடிந்தது என்பது கண்கூடாக விளங்கும். இரண்டும் நிற்பதால்தான் அதை இன்றைக்கு நேரில் கண்டு சொல்ல முடிகிறது.

கட்டடம் நின்றும் பொருள் தொலைந்துபோவதற்கும் சான்று உண்டு. அதே ஊரில் ஆட் ஃபெல்லோஸ் சங்கம் கட்டிய கூடம் கலைக்கூடமாக மாறிவிட்டது. இடிபடாமல் நிற்கிறதே என்பதில் மகிழ்ச்சி. ஆனால் உள்ளே நுழைபவர் ஓவியத்தின் விலைச்சீட்டைப் பார்ப்பாரேயன்றி, யாருக்காக யார் இரவில் கண்விழித்தார்கள் என்பதை அறிய வழியில்லை. அமெரிக்காவின் பிற ஊர்களில் ஆட் ஃபெல்லோஸ் கூடங்களைப் பின்னாளில் வாங்கியவர்கள், சுவரறையிலோ பரணிலோ சவப்பெட்டிக்குள் மனித எலும்புக்கூட்டைக் கண்டு திகைத்துக் காவல்துறையை அழைத்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. புதிய உறுப்பினருக்கு வாழ்வின் நிலையாமையை உணர்த்தக் காட்டிய எலும்புக்கூடு அது. எடுத்துச் சொல்ல ஒரு முதியவர்கூட மிஞ்சாத நிலையில், பாடம் சொல்ல வைத்திருந்த பொருள் குற்றத்தின் தடயமாகத் தோன்றியது.

மெண்டசீனோவில் மரம் அறுக்கும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பே ஓய்ந்தது. ஊர் தளர்ந்தது. 1959இல் அங்கு கலை மையம் தொடங்கிய பிறகு ஓவியர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 1971இல் ஊரும் கடலோர முனையும் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. இன்று அங்கே கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் வரலாற்று ஆய்வுக் குழுவின் இசைவு பெற வேண்டும். இது நல்ல சட்டம், இதனால்தான் ஊர் அழகு குலையாமல் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண் சுவரின் வெளிப்பக்கத்தையே பார்க்கிறது. மாடி அறையை இதுவரை காத்துவந்தது, அங்கே இன்றும் மாதந்தோறும் கூடிக் கதவைத் திறந்து நாற்காலிகளைத் துடைத்து வைக்கும் சிலரின் பழக்கமே. நாடெங்கும் இச்சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகச் சரிந்துவருகிறது. கடைசி உறுப்பினர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் நாளில் இருக்கைகள் ஏலத்துக்கும், கூட்டக் குறிப்பேடுகளும் உதவித்தொகைக் கணக்கேடுகளும் குப்பைக்கும் போகாமல் தடுக்க, அவர்கள் இருக்கும்போதே அவற்றை ஊர் அருங்காட்சியகங்களில் சேர்ப்பதும் அறையை அளந்து படமெடுத்து வைப்பதுமே நடைமுறையில் செய்யக்கூடிய வேலை என்று நினைக்கிறேன். இன்ன விதவைக்கு விறகு வாங்க இவ்வளவு, இன்னார் அடக்கச் செலவு இவ்வளவு என்று எழுதிய ஒரு பழுப்பேறிய கணக்கேடு, கோபுரத்து உச்சிச் சிலைக்குச் சற்றும் குறையாத வரலாற்றுச் செல்வம்.

இது நமக்கு எங்கோ தொலைவில் நடக்கும் செய்தி என்று தள்ளிவிட வேண்டாம். ஆற்காடு நவாபின் மகன் உம்தத் உல் உம்ரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஃபிரீமேசனாகச் சேர்ந்தவர். எழும்பூரில் இந்தச் சங்கத்தின் மண்டபம் தூண்களோடு கம்பீரமாக நிற்பதைச் சென்னை வாசகர்கள் நாள்தோறும் கடந்து செல்கிறார்கள். அதே வெளித்தோற்றம், அதே மூடிய அறை, அதே கேள்வி அங்கும் உண்டு. தங்கள் இதழ் பழங்கட்டடங்களைப் பற்றித் தொடர்ந்து அக்கறையோடு எழுதிவருவதை நான் அறிவேன். எந்தப் பொதுக்கூடத்தைப் பற்றி எழுதினாலும், கட்டியது எந்த ஆண்டு, வளைவு எந்தப் பாணி என்பதோடு, உள்ளே யார் கூடினார்கள், கூடி என்ன செய்தார்கள், கணக்கேடு எங்கே இருக்கிறது என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

வரும் ஞாயிறு இணைப்பில் படக்குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் சிறிது போதும்: ‘மெண்டசீனோ ஃபிரீமேசன் மண்டபம். உச்சியில், எரிக் ஆல்பர்ட்சன் ஒரே ரெட்வுட் அடிமரத்தில் செதுக்கிய காலமும் கன்னியும்.’

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா